நாலு பதினொன்றுக்குச் சுரங்கத்தில் யாரும் இல்லை

— “மார்ச் பதினொன்று, செவ்வாய்க்கிழமை. இன்று ஒரு சிறு தவறு செய்தேன்.” அத்தான், இதை முழுசா வாய்விட்டுப் படிக்கணுமா?

— எதுக்கு முழுசா? கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி அந்தத் தேதிக்கு உன் டைரியில என்ன இருக்குன்னு பார்க்கணும்னு சொன்னே. பார்த்தாச்சு. இந்தா பேனா.

— இருங்க. அந்தப் பேப்பர்ல இருக்கறதை இன்னொரு தடவை சொல்லுங்க.

— “மார்ச் பதினொன்றாம் தேதி மாலை மூன்றரை மணியிலிருந்து மறுநாள் காலை ஒன்பது மணிவரை சுரங்கத்துக்குள் பார்வையாளர் எவரும் இல்லை என்று உறுதி கூறுகிறேன்.” கீழே உன் பேரு, வேலை. மொத்தம் ஒன்பது பேர், ஆளுக்கொரு பேப்பர், அவங்கவங்க இடத்துல எதுவும் நடக்கலன்னு போடணும். பம்ப் ரூம், கரண்ட், ஏசி, கேட், ரோடு கான்ட்ராக்டர்னு எட்டுப் பேர் போட்டாச்சு. நீதான் கடைசி.

— மூணரைக்கு மேல அமைதி நேரம், யாரும் உள்ளே போகக் கூடாது, அது எனக்குத் தெரியும். ஆனா ஏன் குறிப்பா அந்த ஒரு நாள்?

— கேளு. நாப்பது நாளா உங்க அக்காகிட்டகூடச் சொல்லாத தேதி. வானத்துலேருந்து வர்ற அதிர்வுக்காகப் பதினோரு வருஷமாத் தொங்க விட்டிருக்கற கல்லு அன்னைக்குத்தான் அசைஞ்சுது. நாலு மணி பதினொரு நிமிஷம். நாளைக்கு உன் டூருக்கு இருபத்திரண்டு பேர் வர்றாங்களே, அவங்க முன்னாடி வெச்சு டைரக்டர் அறிவிக்கப் போறது இதைத்தான். என்ன, மூஞ்சி ஏன் இப்படிப் போகுது?

— நாலு பதினொண்ணா?

— நாலு பதினொண்ணு, நாப்பது செகண்ட். உன் பார்வையாளர் ரிஜிஸ்டரையும் பார்த்துட்டேன். கடைசிக் குழு இருபத்தாறு பேர், உள்ளே ரெண்டரை, வெளியே மூணரை. அச்சடிச்ச மாதிரி கையெழுத்து. உனக்கு வீட்ல ரிஜிஸ்டர்னு பேர் வெச்சது வீண் போகல.

— அத்தான், உட்காருங்க.

— உட்கார நேரமில்ல. இந்த அலைச்சலுக்காக இன்னைக்கு ஒரு ராத்திரிதான் சுரங்கத்துக்கு லீவு. உங்க அக்கா புதுச் சட்டைக்குக் கை நீளம் குறைக்கணும்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்கா.

— உட்காருங்க. நான் படிக்கறேன். நடுவுல எதுவும் கேட்காதீங்க. கேட்டா எனக்கு நிறுத்திடலாம்னு தோணிடும்.

— சரி. படி.

— “மார்ச் பதினொன்று, செவ்வாய்க்கிழமை. இன்று ஒரு சிறு தவறு செய்தேன். பதிவேட்டில் குழுக்கள் உள்ளே போகும் நேரத்தையும் வெளியே வரும் நேரத்தையும் நான் காலையிலேயே எழுதி வைத்துவிடுவது வழக்கம். சுரங்க வாசலில் நின்றபடி எழுதினால் எழுத்து கோணலாகிறது. குழுக்களும் நேரம் தவறுவதில்லை. இன்று கடைசிக் குழு தவறியது. காது கேளாதோர் சங்கத்தினர் இருபத்தாறு பேர். வழியில் பேருந்தின் டயர் வெடித்து, மூன்று நாற்பதுக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். அமைதி நேரம் தொடங்கிப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. கட்டுப்பாட்டு அறைக்கு மூன்று முறை தொலைபேசி செய்தேன். தொடர்பு கிடைக்கவில்லை.”

— கிடைக்காது. மூணரை ஆனா ரிசீவரை எடுத்துக் கீழே வெச்சிடுவோம். மணி அடிச்சாலே கல்லுக்குத் தெரியும்.

— அத்தான்.

— படி, படி.

— “அவர்கள் நான்கு மாதம் முன்பே பதிவு செய்தவர்கள். அவர்களின் தலைவி, தலைமுடியைக் குட்டையாக வெட்டிய ஓர் அம்மா, என் கையிலிருந்த அட்டையை வாங்கி அதன் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார்: ‘நாங்கள் பேசவே மாட்டோம். எங்களால் உங்களுக்கு என்ன தொந்தரவு வந்துவிடும்?’ அது எனக்கு நியாயமாகப் பட்டது. இவர்களைப் போய் அமைதி நேரம் என்று சொல்லித் திருப்பி அனுப்பினால் கேட்பவர்கள் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். மூன்று ஐம்பதுக்கு உள்ளே அழைத்துப் போனேன். நாலு இருபத்தைந்துக்கு வெளியே வந்தோம். பதிவேட்டைத் திருத்த மறந்துவிட்டேன். நாளை திருத்த வேண்டும்.” அவ்வளவுதான். மறுநாள் நான் படிக்கற சாயங்காலத் தமிழ் வகுப்புல பரீட்சை. திருத்தல. அதுக்கப்புறம் மறந்தே போச்சு.

— எவ்வளவு தூரம் உள்ளே போனீங்க?

— மஞ்சள் கோடு வரைக்கும். சரியாச் சொல்லணும்னா கோட்டுக்கு ஒரு அடி இந்தப் பக்கம். ஜன்னல் வழியாக் கல்லு தெரியுமே, அந்த இடம். எல்லாருக்கும் செருப்பு மேல துணி உறை மாட்டினேன். கயித்தைப் பிடிச்சுக்கிட்டு வரிசையா மெதுவா நடந்தாங்க. ஒரு வார்த்தை பேசல.

— அட, அவ்வளவுதானா! உயிரே போயிடுச்சு எனக்கு. உறை மாட்டி மெதுவா நடந்தா ஒண்ணும் ஆகாது. அப்படியே லேசாத் தெரிஞ்சாலும் காலடின்னு மெஷினே கண்டுபிடிச்சு ஒதுக்கிடும், அதுக்குன்னு தனியா வழி வெச்சிருக்கோம். யாராவது தடுக்கி விழுந்தாங்களா? எதையாவது கீழே போட்டாங்களா?

— இல்ல.

— அப்போ பயப்படாதே. நேரத்தைத் திருத்தி, பக்கத்துல ஒரு கையெழுத்துப் போடு. நான் விளக்கம் எழுதிக்கறேன்.

— கூப்பிட்டாங்க.

— யாரு? யாரை?

— காது கேட்காதவங்க ஒருத்தரை ஒருத்தர் எப்படிக் கூப்பிடுவாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா? எனக்கு அன்னைக்கு வரைக்கும் தெரியாது. முதுகைக் காட்டிட்டு நிக்கறவங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட முடியாது, கை தட்டினாலும் கேட்காது. அதனால காலால தரையில தட்டறாங்க. அந்த அதிர்வு பாதத்துல தெரியும், உடனே திரும்பிப் பார்ப்பாங்க. எல்லாரும் கல்லையே பார்த்துட்டு நின்னாங்க. என் உதட்டைப் பார்த்து, நான் சொல்றதை அந்த அம்மா கை ஜாடையில சொல்லணும், அதுக்கு அவங்க திரும்பணும். டக் டக்னு ரெண்டு தட்டு. இருபத்தஞ்சு பேரும் ஒண்ணாத் திரும்பினாங்க. எனக்கு அது ரொம்ப அழகா இருந்தது அத்தான்.

— ரெண்டு தட்டு.

— ஒவ்வொரு தடவையும் ரெண்டு.

— எத்தனை தடவை?

— எண்ணல. ஆனா நான் அங்க அஞ்சு விஷயம் சொல்வேன். மலைக்குள்ளே எவ்வளவு தூரம் வந்திருக்கோம், கல்லோட எடை, அது தொங்கற கண்ணாடி இழை, எதுக்காகக் காத்திருக்கோம், எத்தனை வருஷமா. அஞ்சுக்கு அஞ்சு. கிளம்பறப்போ ஒண்ணு.

— ஆறு ஜோடி.

— எண்ணலன்னு சொன்னேனே. தோராயமாத்தான்.

— தோராயம் இல்ல, ஆறுதான். எனக்குத் தெரியும். படம் போட்டு என் மேசைக்கு எதிர்ல ஒட்டி வெச்சிருக்கேன். காலையில கண்ணைத் திறந்தா அதான் தெரியுது. ரெண்டு ரெண்டா ஆறு. ஒரு ஜோடிக்கும் அடுத்த ஜோடிக்கும் நடுவுல இருக்கற இடைவெளி குறைஞ்சுக்கிட்டே வருது. அதைப் பார்த்து நாங்க என்ன சொன்னோம் தெரியுமா? எங்கயோ ரெண்டு நட்சத்திரம் ஒண்ணை ஒண்ணு சுத்திச் சுத்தி நெருங்குது, கடைசியில ஒண்ணா விழுது, அதான் இடைவெளி குறையுதுன்னோம்.

— நான் அவசரப்பட்டேன். நேரமாச்சேன்னு ஒவ்வொரு விஷயத்தையும் முன்னதைவிடச் சுருக்கிச் சுருக்கிச் சொன்னேன்.

— நீ பேச்சைச் சுருக்கினே. நான் அதுல நட்சத்திரத்தைப் பார்த்தேன்.

— தண்ணி குடிங்க அத்தான்.

— வேணாம்.

— வேற எங்கயாவது இதே நேரத்துல இதே மாதிரி வந்திருக்காதா? நம்ம மாதிரி இன்னொரு ஸ்டேஷன் இருக்குன்னு நானே பார்வையாளர்கிட்டச் சொல்வேனே.

— அது ஜனவரியிலேருந்து பழுது. இங்க தரைக்கு அடியில இருந்த அதிர்வுமானியும் அப்போதான் புகைஞ்சு போச்சு. புதுசு கேட்டு ரெண்டு தடவை எழுதினேன், இந்த வருஷம் முடியாதுன்னுட்டாங்க. அதனாலதான் ஒன்பது பேர்கிட்டப் பேப்பரை எடுத்துக்கிட்டு வீடு வீடா அலையறேன். மெஷின் சொல்ல வேண்டியதை மனுஷங்க சொல்லணும்.

— ஒரு வேளை நான் நேரத்தைத் தப்பா எழுதியிருந்தா? டைரி சாயங்காலம் வகுப்புல உட்கார்ந்து எழுதறது. நாலு இருபத்தஞ்சுங்கறது நாலு அஞ்சா இருந்திருந்தா?

— உன் கடிகாரத்தை நீ தினம் காலையில ரேடியோவுக்குச் சரி பண்றவ.

— ஆமா.

— யார்கிட்டயாவது இந்த டைரியைக் காட்டினியா?

— வாத்தியார் பார்ப்பார். தினம் பத்து வரி எழுதணும், அதுல அன்னைக்குச் செஞ்ச தப்பு ஒண்ணு இருக்கணும், கடைசி வரியில நாளைக்குச் செய்ய வேண்டியது இருக்கணும். அது அவரோட சட்டம். இந்தப் பக்கத்துக்கு ‘நன்று’ன்னு போட்டிருக்கார்.

— நன்று. சரி. அவருக்கு இந்தச் சுரங்கத்தைப் பத்தி எதுவும் தெரியாது, விடு. வேற யாருக்குத் தெரியும்?

— கேட்ல இருந்த அண்ணனுக்கு. அவர்தான் திறந்து விட்டார். ஆனா அவர் கையெழுத்துப் போட்டுட்டார்னு சொன்னீங்களே?

— போட்டுட்டார். மறந்திருப்பார். தினம் எத்தனை பஸ்ஸைப் பார்க்கறார். மறந்தது நல்லதுதான்.

— எதுக்கு நல்லது?

— கேளு. கோபப்படாம கேளு. நான் உன்னைப் பொய் சொல்லச் சொல்லல. இந்தப் பேப்பர் நாளைக்கு ஒரு நாளைக்கு வேணும். அறிவிச்சுட்டா மெஷினை நிறுத்த மாட்டாங்க, ரெண்டு வருஷம் நீட்டிப்பாங்க. ரெண்டு வருஷத்துல நிஜமானது ஒண்ணு வராமப் போகாது. அது வந்தப்புறம் இதை யாரு திரும்பிப் பார்க்கப் போறா?

— வரலேன்னா?

— வரும்.

— பதினோரு வருஷமா வரலியே அத்தான்.

— இதையே உங்க அக்கா சொன்னா எனக்குக் கோபம் வரும். நீ சொல்றப்போ கோபம்கூட வரல.

— அக்கா சொல்லவே மாட்டா. எங்க அப்பா போன அன்னைக்கு என்ன நடந்ததுன்னு நினைச்சுப் பாருங்க. அஞ்சு மணிக்கு உயிர் போச்சு. ஆள் அனுப்பி உங்களைக் கூப்பிடலாம்னு சித்தப்பா கிளம்பினார். அக்காதான் வழியை மறிச்சு, அமைதி நேரம், யாரும் உள்ளே போகக் கூடாதுன்னா. காலையில ஒன்பது மணிக்கு நீங்க வெளியே வர்ற வரைக்கும் அவ வாசப்படியில உட்கார்ந்திருந்தா. உங்க அமைதி கெடக் கூடாதுன்னு அவ அன்னைக்கு வாய்விட்டு அழுததுகூட இல்ல. வீட்டுக்கும் சுரங்கத்துக்கும் ரெண்டு கிலோமீட்டர். இருந்தாலும்.

— எனக்குத் தெரியாது. அவ அழலன்னு எனக்குத் தெரியாது.

— அதுக்காகத்தான் நான் பயப்படறேன். அவ்வளவு விட்டுக் குடுத்ததுக்கு அப்புறம் கையில ஒண்ணுமில்லன்னு அவகிட்ட யாரு சொல்றது?

— அப்போ போடு. அவளுக்காகப் போடு.

— முடியல அத்தான். அந்த வாசகத்தை நாலு தடவை படிச்சுட்டேன். ‘எவரும் இல்லை’ன்னு இருக்கு. இருந்தாங்களே. இருபத்தாறு பேர். அவங்களோட நானும்.

— உனக்கென்ன, உனக்கு நல்லதுதானே.

— எது?

— சர்க்குலரை நீயும்தானே படிச்சே. இந்த மாசக் கடைசிக்குள்ள எதுவும் கிடைக்கலேன்னா கல்லை இறக்கிடுவாங்க. சுரங்கம் முழுக்கக் காட்சிசாலை. காலையில ஒன்பதுலேருந்து ராத்திரி எட்டு வரைக்கும் டூர். அதுக்கு ஒரு பொறுப்பாளர், நிரந்தர வேலை. இப்போ தினக்கூலிக்கு இருக்கற நீதான் அந்த நாற்காலியில உட்காருவே. எனக்கு இழவு, உனக்குப் பதவி. நியாயம் பேசறது சுலபம்தான்.

— அப்படிச் சொல்லாதீங்க.

— இல்லேன்னு சொல்லு பார்க்கலாம்.

— சொல்ல முடியலியே. அதான் கஷ்டமா இருக்கு. நீங்க தேதியைச் சொன்னதும் முதல்ல என் மனசுல வந்தது உங்க முகம். சரியாச் சொல்லணும்னா, அதுக்கு ரெண்டாவதா அந்த நாற்காலி வந்துது. வந்துதுதான். நான் நிஜத்தைச் சொல்றது நிஜத்துக்காகவா, அதுக்காகவான்னு எனக்கே தெரியல. இதுல எது முதல் காரணம்னு யாரு வந்து சொல்லப் போறாங்க?

— நான் கோபத்துல சொல்லிட்டேன்.

— கோபத்துல சொன்னாலும் சரியாத்தான் சொன்னீங்க. குடுங்க பேனாவை.

— யோசிச்சுச் செய்.

— யோசிச்சா அந்த நாற்காலி மறுபடி வந்து நிக்கும். குடுங்க. பேரு, வேலை, தேதி. போட்டாச்சு. ரிஜிஸ்டரையும் திருத்தப் போறதில்ல. டைரியில அந்தப் பக்கத்தை நீங்களே கிழிச்சுக்கோங்க, என் கையால கிழிக்க வராது.

— பேனாவைக் கீழே வெச்சுடும்மா.

— ஒண்ணும் சொல்லாதீங்க. யாரோ கதவைத் தட்டறாங்க. திறந்துதான் இருக்கு, வாங்க.

— கைடம்மா, இன்னைக்கு வகுப்புக்குப் போகலியா? ஆறு மணி ஆகப் போகுது, டூர் ஆபீஸ்ல மட்டும் லைட் எரியுதேன்னு பார்த்தேன். அட, சாரும் இருக்கீங்களா! நாளைக்கு வரைக்கும் சாருக்கு வாழ்த்து சொல்லக் கூடாதுன்னு உத்தரவு. அதனால சும்மா சிரிச்சிட்டுப் போயிடறேன்.

— கேட் அண்ணே, ஒரு நிமிஷம் நில்லுங்க. மார்ச் பதினொண்ணு உங்களுக்கு ஞாபகம் இருக்கா?

— எது சார், அந்தப் பேசாத கூட்டம் வந்த நாளா? ஏன் ஞாபகம் இல்லாம? போறப்போ ஒவ்வொருத்தராத் திரும்பி நின்னு எனக்குக் கையாட்டிட்டுப் போனாங்க. வேலையில சேர்ந்ததுலேருந்து எனக்கு ஒரே நாள்ல அத்தனை பேர் கையாட்டினதில்ல. வெளியே போறவங்க யாரு சார் கேட்காரனைப் பார்க்கறா?

— எத்தனை மணிக்கு வெளியே வந்தாங்க?

— நாலரைக்கு அஞ்சு நிமிஷம் இருந்துது. கைடம்மா எண்ணினாங்க, நானும் எண்ணினேன். தலை சரியா இருந்துது.

— அப்புறம் எப்படி நீங்க அந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போட்டீங்க?

— எதுக்குச் சொல்றேன்னா சார், நான் என்ன அவ்வளவு விவரம் கெட்டவனா? பதினோரு வருஷமா காலையில நீங்க வெளியே வர்றப்போ உங்க மூஞ்சியைப் பார்க்கற முதல் ஆள் நான். ‘ஒண்ணுமில்ல’ன்னு தலையை ஆட்டிட்டு, சைக்கிளை எடுத்துட்டுப் போவீங்க. ஒரு நாள் சைக்கிளை மறந்துட்டு நடந்தே போனீங்க, நான்தான் தள்ளிக்கிட்டுப் பின்னாடியே வந்தேன். இந்த நாப்பது நாளாத்தான் நிமிர்ந்து நடக்கறீங்க. அதைப் போய் நான் ஒரு நேரத்தை எழுதிக் கெடுப்பேனா?

— எனக்காகப் போட்டீங்க.

— நான் மட்டுமா? பம்ப் ரூம்காரர் அன்னைக்குச் சாயங்காலம் ரெண்டு தடவை மோட்டார் ஓட்டினாராம், தண்ணித் தொட்டி காலியாம். ரோடு கான்ட்ராக்டர்தான் முதல்ல முரண்டு பிடிச்சார். நாலு மணிக்கு ரோலர் ஓடினது ஓடினதுதான், நான் எப்படி இல்லேன்னு எழுதறதுன்னார். அப்புறம் எல்லாரும் கேன்டீன்ல உட்கார்ந்து அவருக்கு எடுத்துச் சொன்னோம். சாரோட பிழைப்பய்யா, உன் ரோலர் என்ன பெரிய ரோலர்னு. போட்டுட்டார்.

— அந்த ஒரு தேதிக்கு மட்டும்தானே?

— எது சார்?

— தினம் சாயங்காலம் எல்லா இடத்துக்கும் ஒரு அமைதிச் சீட்டு அனுப்பறேனே. மூணரைக்கு மேல சத்தம் இருந்தா எழுதி அனுப்புங்கன்னு. பதினோரு வருஷமா ‘இல்லை’, ‘இல்லை’ன்னுதான் திரும்பி வருது. அது?

— அது வழக்கமா வர்றதுதானே சார்.

— அண்ணே, எனக்கு நேராச் சொல்லுங்க. அதுல எத்தனை நிஜம்?

— சார், முதல் வருஷத்துல கரண்ட் ஆபீஸ் பெரியவர் ஒரு நாள் ‘சத்தம் இருந்தது’ன்னு எழுதி அனுப்பினார். ஞாபகம் இருக்கா? அன்னைக்கு ராத்திரி பார்த்ததையெல்லாம் குப்பையில போட்டுட்டு நீங்க கேட் பக்கத்துல வந்து உட்கார்ந்திருந்தீங்க. மதியம் வரைக்கும் எழுந்திருக்கல. அதைப் பார்த்துட்டு அந்த மனுஷன் ஒரு வாரம் சாப்பிடல. அதுக்கப்புறம் யாருக்கு சார் எழுத மனசு வரும்?

— நான் யாரையும் ஒரு வார்த்தை திட்டினதில்லையே.

— அதான் சார். திட்டியிருந்தீங்கன்னா எழுதியிருப்போம்.

— சரி அண்ணே. நீங்க போங்க. நான் பூட்டிச் சாவியைக் கேட்ல குடுத்துட்டுப் போறேன்.

— நான் ஏதும் தப்பாச் சொல்லிட்டேனா? கைடம்மா, சார் ஏன் இப்படி உட்கார்ந்துட்டார்?

— ஒண்ணுமில்ல அண்ணே. கொஞ்ச நேரத்துல வந்துடறோம். கதவை லேசாச் சாத்திட்டுப் போங்க.

— நாளைக்கு நல்லபடியா முடிஞ்சா சொல்லி அனுப்புங்க, நானும் கேட் ஓரமா நின்னு கேட்கறேன். வரேன் சார்.

— போயிட்டார் அத்தான். இந்தத் தண்ணியைக் குடிங்க. குடிச்சே ஆகணும்.

— உன் பேப்பரைக் குடு.

— கிழிச்சிடறேன்.

— கிழிக்காதே. குடு, மத்த எட்டோட வெச்சுக்கறேன். அந்த ஆறு ஜோடித் தட்டு போச்சு, அது போகட்டும். அதில்ல இப்போ. இங்க எது அமைதின்னு நான் குறிச்சு வெச்சிருக்கேனோ, அதை வெச்சுத்தான் எது சத்தம்னு முடிவு பண்ணேன். பதினோரு வருஷமும் அப்படித்தான். ஒரு நாள்கூட அமைதி இல்லேன்னா, நான் எதைக் கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்? பம்ப் மோட்டாரையா?

— எல்லா நாளும் அப்படி இருந்திருக்காது. பாதிக்குப் பாதியாவது சரியா இருக்கும். உட்கார்ந்து ஒவ்வொரு சீட்டாப் பார்த்துப் பிரிச்சுடலாம். நான் கூட உட்காரறேன். வகுப்பை விட்டுடறேன்.

— எப்படிப் பிரிப்பே? எல்லாத்துலயும் ‘இல்லை’ன்னுதானே இருக்கு.

— அவங்களைக் கூப்பிட்டுக் கேட்கலாம்.

— கேட்டா எனக்கு எது பிடிக்குமோ அதைச் சொல்வாங்க. நீயே என்ன செஞ்சே? நாலு தடவை படிச்சுட்டு முடியாதுன்னவ, நான் முகத்தைத் தொங்கப் போட்டு ஒரு வார்த்தை சொன்னதும் போட்டுட்டே.

— உங்களுக்காகப் போட்டேன்.

— ஆமா. ஒன்பது பேரும் எனக்காகத்தான். ஒரே ஒரு விரோதி இருந்திருந்தாக்கூட எனக்கு ஒரு நாள் தேறியிருக்கும்.

— அத்தான், நான்…

— நீ அழாதே. நாளைக்கு எட்டு மணிக்கு இந்த ஒன்பதும் பொய்னு சொல்லி டைரக்டர் மேசையில வெச்சுடறேன். உன் டைரிப் பக்கமும் வேணும். நானே கிழிச்சுக்கறேன், நீ அந்தப் பக்கம் பாரு. இனிமே நிஜமாவே வந்தாலும் நான் நம்ப மாட்டேன். யாரும் என்னை நம்பவும் கூடாது.

— அக்காவுக்கு?

— நான் சொல்றேன். இந்தத் தடவை அவ சத்தமா அழட்டும்.

— நாளைக்கு வர்ற இருபத்திரண்டு பேர்?

— வரட்டும். அறிவிப்பு இல்லைன்னு டைரக்டர் சொல்லிடுவார். அவ்வளவு தூரம் வர்றவங்களைச் சும்மா அனுப்ப வேணாம், நீ உள்ளே கூட்டிட்டுப் போய்க் காட்டு.

— இன்னைக்கு டைரியில எந்தத் தப்பை எழுதறதுன்னு தெரியல. ஒண்ணுதான் எழுதணும்னு வாத்தியார் சொல்வார்.

— தப்பை விடு. கடைசி வரியை எழுது. நான் சொல்லச் சொல்ல எழுதிக்கோ, அப்புறம் படிச்சுக் காட்டு.

— சொல்லுங்க… ம்… எழுதிட்டேன். அத்தான், இது கடைசியில இருக்கறது, நிஜமாவா?

— படி.

— “நாளை காலை பத்து மணிக்கு விருந்தினர் இருபத்திரண்டு பேர். செருப்புக்குத் துணி உறை வேண்டாம். கட்டுப்பாட்டு அறையில் தொலைபேசி ரிசீவரை எடுத்து அதன் இடத்தில் வைக்க வேண்டும். மூன்றரை மணிக்கு யாரையும் வெளியே அனுப்ப வேண்டாம்.”